ஸ்கூபா டைவிங்: உங்களுக்குப் பதிலா பேசப்போற ஒரு கார்டு

லாங் வீக்கெண்ட் முடிஞ்சு திங்கட்கிழமை வந்தா, நம்ம ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் அந்தமான் போட்டோ போட்டுடறாங்க. முகத்துல மாஸ்க், கையில ஓகே சைகை, பின்னாடி மீன் கூட்டம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு நாம பேசப்போறது அந்த போட்டோவுல வராத ஒரு விஷயம். தண்ணியில ஏதாவது ஆகி, உங்களால வாயைத் திறந்து பேச முடியலைன்னா, நீங்க யாரு, உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்காது, வீட்டுல யாருக்கு போன் போடணும், பில்லை எந்தக் கம்பெனி கட்டும்னு யார் சொல்லப் போறாங்க?

"கூட வந்த ஃப்ரெண்டு சொல்லுவான்" அப்படின்னு நினைச்சீங்கன்னா, இப்பவே பாஸ் பண்ணிட்டு ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. உங்க நெருங்கின நண்பருக்கு பென்சிலின் அலர்ஜி இருக்கா? அவரோட அம்மா நம்பர் உங்க போன்ல இருக்கா? ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல அவரோட மெம்பர் ஐ.டி. என்ன? மூணுல ஒண்ணுக்கு பதில் தெரிஞ்சாலே நீங்க நல்ல நண்பர்.

முதல்ல, டைவிங்ல மட்டும் இது ஏன் இவ்வளவு முக்கியம்னு பார்ப்போம். கடல்ல ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது. ஓபன் வாட்டர் சர்டிபிகேட் வெச்சிருக்கிறவங்க போகக்கூடிய 18 மீட்டர்ல, மேல இருக்கிறதைவிட கிட்டத்தட்ட 2.8 மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்துல சுவாசிக்கிற காத்துல இருக்கிற நைட்ரஜன், ரத்தத்துலயும் திசுக்கள்லயும் கரையும். மெதுவா மேல வந்தா அது நுரையீரல் வழியா சத்தமில்லாம வெளியேறிடும். வேகமா வந்தாலோ, ரொம்ப நேரம் ஆழத்துல இருந்திருந்தாலோ, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழ்கள் உருவாகும். இதைத்தான் டீகம்ப்ரஷன் சிக்னஸ், பேச்சு வழக்குல 'பெண்ட்ஸ்'னு சொல்றாங்க. மூட்டு வலி, மரத்துப் போறது, தோல்ல தடிப்பு, தாங்க முடியாத அசதி, சில பேருக்குக் குழப்பமான பேச்சு.

இன்னொண்ணு இதைவிட வேகமானது. பயத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டே மேல வந்தா, நுரையீரல்ல இருக்கிற காத்து விரிஞ்சு, காத்துப் பைகள் கிழிஞ்சு, குமிழ் நேரா ரத்தக் குழாய் வழியா மூளைக்குப் போகலாம். மேல வந்த சில நிமிஷத்துலயே மயக்கம். அதனாலதான் முதல் நாள் வகுப்புலயே "மூச்சை மட்டும் நிறுத்தாதீங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க.

ரெண்டுலயும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு. பாதிக்கப்பட்ட ஆளால தன்னைப் பத்தி நம்பகமா எதுவும் சொல்ல முடியாம போகலாம். அதோட, பெண்ட்ஸ் அறிகுறி படகுலயே வரணும்னு இல்ல. பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும், கிட்டத்தட்ட எல்லாமே 24 மணி நேரத்துக்குள்ள. அதாவது டைவ் மாஸ்டர் டாட்டா காட்டிட்டுப் போயிட்டார், நீங்க ரூம்ல படுத்திருக்கீங்க, அப்போ வரலாம். உங்களைத் தூக்கிட்டுப் போறவர் ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்கிற பையனா இருக்கலாம். அவருக்கு உங்க பேர்கூட முழுசா தெரியாது.

ஹேவ்லாக்கையே எடுத்துக்குவோம், நம்மள்ல நிறைய பேர் முதல் முறை தண்ணிக்குள்ள போறது அங்கதான். தீவுல ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. ஆனா பெண்ட்ஸுக்கு உண்மையான சிகிச்சை, ஆளை ஒரு அழுத்த அறைக்குள்ள வெச்சு மறுபடி அழுத்தத்தைக் கூட்டி, ஆக்சிஜன் கொடுத்து, மெதுவா குறைக்கிறது. இதுக்குப் பேரு ரீகம்ப்ரஷன் சேம்பர். வழக்கமா கொடுக்கிற ஒரு சிகிச்சை முறையில 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துல ஆரம்பிச்சு, ஒரு தடவைக்கே ஐந்து மணி நேரம் நெருங்கிடும். பல பேருக்கு ஒரு தடவை போதாது. அந்த வசதி இருக்கிறது போர்ட் பிளேர்ல, கடற்படை மருத்துவமனையில. நடுவுல கடல். கப்பல் கிடைச்சா ஒன்றரை மணியிலிருந்து ரெண்டரை மணி நேரம். ஆக, உங்க விவரம் படகுக்காரர், சுகாதார நிலைய டாக்டர், கப்பல் அல்லது ஹெலிகாப்டர் ஏற்பாடு செய்றவர், கடற்படை டாக்டர், எங்கேயோ ஒரு ஊர்ல ஹெட்செட் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற இன்ஷூரன்ஸ் ஆள்னு அஞ்சு கை மாறப் போகுது. நம்ம பாஷையில சொன்னா அஞ்சு சிஸ்டம், ஒண்ணுக்கொண்ணு கனெக்‌ஷன் கிடையாது. வாய்வழியா போற டேட்டா ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் கெட்டுப் போகும். எழுதி வெச்சது கெடாது.

சின்னதா ஒரு சேர்க்கை. ஹேவ்லாக்குக்கு இப்ப அரசுப் பேரு ஸ்வராஜ் த்வீப், 2018 டிசம்பர்ல மாத்தினாங்க. போர்ட் பிளேர், 2024ல ஸ்ரீ விஜயபுரம் ஆச்சு. போன்ல இடத்தைச் சொல்லும்போது ரெண்டு பேரையும் சொல்லுங்க. எதிர்முனையில இருக்கிறவர் கையில எந்த மேப் இருக்குன்னு நமக்குத் தெரியாது.

கார்டுல என்ன எழுதணும்?

எல்லாரும் முதல்ல எழுதறது ரத்தப் பிரிவு. தப்பில்ல, ஆனா அதுக்கு அவ்வளவு பெரிய மதிப்பு கிடையாது. கார்டுல எழுதியிருக்குன்னு நம்பி எந்த ஆஸ்பத்திரியும் ரத்தம் ஏத்தாது, டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஏத்துவாங்க. அந்த இடத்துல நீங்க தினமும் சாப்பிடற மாத்திரை, ஒத்துக்காத மருந்து, ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, இதய சம்பந்தமான பழைய விஷயம் இதையெல்லாம் எழுதுங்க. டெஸ்ட் பண்ணி உடனே கண்டுபிடிக்க முடியாதது இதுதான்.

பேர் விஷயத்துல நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. இனிஷியல். ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிஞ்சு கடைசிப் பேரா இருக்கும், டைவ் சர்டிபிகேட்ல அவசரத்துல 'கார்த்திக் எஸ்'னு டைப் பண்ணியிருப்போம், பாலிசியில 'எஸ். கார்த்திக்'. நமக்கு இது ஒரே ஆள். கிளெய்ம் பார்க்கிறவருக்கு நாலு ஆள். கார்டுல பாலிசியில இருக்கிற பேரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்க. பக்கத்துலயே பிறந்த தேதி. இது ரெண்டும் பொருந்தினா மத்தது சரியாயிடும். ஆதார் நம்பர் முழுசா வேண்டாம், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் நகல் பையில இருந்தா போதும். பத்து பேர் கைமாறப் போற கார்டுல 12 இலக்கத்தையும் எழுதி வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

எமர்ஜென்சி கான்டாக்ட். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. மனைவி பேர் எழுதியிருப்பாங்க, மனைவியும் அதே படகுல, அதே தண்ணியில. கரையில இருக்கிற ஆள் ஒருத்தர் வேணும். நம்பருக்கு முன்னாடி +91 கட்டாயம். அந்த ஆளுக்கு நீங்க டைவிங் போறது தெரிஞ்சிருக்கணும். "ஆபீஸ் டீம் அவுட்டிங், பீச் ரிசார்ட்"னு அம்மாகிட்ட சொல்லிட்டு, அவங்க நம்பரையே எழுதி வெச்சா, அந்த போன் காலை கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. இன்னொண்ணு, தெரியாத நம்பர்னா ஸ்பேம்னு கட் பண்றது இப்ப நம்ம எல்லாருக்கும் கை பழகிப்போச்சு. "இந்த ரெண்டு நாள் மட்டும் எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் எடு"ன்னு சொல்லி வெச்சுட்டுப் போங்க.

அடுத்தது டைவ் விவரம். இது மட்டும் ஒவ்வொரு நாளும் மாறும். எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிஷம், ரெண்டு டைவுக்கு நடுவுல எவ்வளவு நேரம் மேல இருந்தீங்க, சிலிண்டர்ல சாதாரண காத்தா இல்ல 32 சதவீத நைட்ராக்ஸா. சேம்பர் டாக்டர் முதல்ல கேட்கப்போற கேள்விகள் இவை. கையில கட்டியிருக்கிற டைவ் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் பதிவாகும். ஆனா நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வாடகைக் கம்ப்யூட்டர்தான் கட்டறோம். சாயங்காலம் அதைக் கழட்டிக் கொடுத்தா, மறுநாள் வேற ஆள் கையில ஏறி, உங்க டைவுக்கு மேல அவரோட டைவ் பதிவாகிடும். அதனால படகுல ஏறினதும் அந்த ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுங்க. மீன் போட்டோ 200 எடுக்கிறோம், இது 201வது. யாருக்காவது நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா, அந்தக் கம்ப்யூட்டரும் அவரோட கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

எங்க வெச்சுக்கணும்?

"போன்ல இருக்கு, டிஜிலாக்கர்ல இருக்கு"ன்னு சொல்றவங்களுக்கு: உங்க போனைத் திறக்க உங்க விரல் வேணும், முகம் வேணும், இல்ல பின் வேணும். நீங்க மயக்கத்துல. ஐபோன்ல மெடிக்கல் ஐ.டி., ஆண்ட்ராய்டுல எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்னு ஒண்ணு இருக்கு. லாக் ஸ்கிரீன்லயே எமர்ஜென்சி பட்டனை அழுத்தினா தெரியும். செட் பண்ண மூணு நிமிஷம். அதைப் பண்ணி வெச்சாதான் போன் உதவும், அதுவும் போன் உயிரோட இருந்தாதான்.

ஐபி68 போன்தானே, தண்ணிக்குள்ளயே எடுத்துட்டுப் போகலாமேன்னு ஒரு கேள்வி வரும். அந்த ரேட்டிங் மாடலைப் பொறுத்து ஒன்றரை மீட்டர்ல இருந்து ஆறு மீட்டர் வரைக்கும், அரை மணி நேரம், அதுவும் நல்ல தண்ணியில, அசையாம. 18 மீட்டர் உப்புத் தண்ணி அந்தக் கணக்குலயே வராது. சாதாரண பிளாஸ்டிக் பவுச் நீச்சல் குளத்துக்கு ஓகே. ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணின காகிதமும் நம்ப முடியாது. அட்டையோட ஓரம் வரைக்கும் வெட்டினீங்கன்னா முதல் டைவ்லயே தண்ணி உள்ள போய் மை கலங்கிடும். சுத்தி அரை இன்ச் பிளாஸ்டிக் விட்டு வெட்டினா கொஞ்சம் தாங்கும். இதைவிட எளிமையான வழி, பழைய பி.வி.சி. கார்டு ஒண்ணுல பெர்மனென்ட் மார்க்கர்ல எழுதி, காஞ்சதும் மேல தெளிவான டேப் ஒட்டிடறது. ஜாக்கெட் பாக்கெட்ல, அதாவது பி.சி.டி.யோட ஜிப் பாக்கெட்ல போட்டு கிளிப் மாட்டிடுங்க.

ஆனா உண்மையைச் சொன்னா, உடம்புல இருக்கிற கார்டு ரெண்டாவது காப்பிதான். முதல் காப்பி படகுல, உங்க டிரை பேக்ல இருக்கணும். ஏன்னா அவசரம் வந்தா முதல்ல உங்க ஜாக்கெட்டைத்தான் கழட்டி எறிவாங்க, ஆக்சிஜன் கொடுக்க. பையோட நிறம் என்ன, கார்டு எந்த ஜிப்புக்குள்ள இருக்குன்னு உங்க 'பட்டி'கிட்ட காட்டிட்டு இறங்குங்க. நம்ம ஊர் மாட்டுப்பட்டி இல்லங்க, ஜோடியா கூட இறங்குற ஆளை டைவிங்ல அப்படித்தான் சொல்றாங்க. மூணாவது காப்பி டைவ் ஷாப்ல. நீங்க பூர்த்தி பண்ற ஃபார்ம்ல எமர்ஜென்சி கான்டாக்ட் கட்டம் இருக்கும், வேகவேகமா கிறுக்காம எழுதுங்க.

நம்ம துறை ஆளுங்களுக்கு ஸ்பெஷலா ஒண்ணு. கியூ.ஆர். கோடு பிரேஸ்லெட் விக்கறாங்க. ஸ்கேன் பண்ணினா ஒரு வெப்சைட்டுக்குப் போய் விவரத்தைக் காட்டும். சென்னையில அட்டகாசமா வேலை செய்யும். 2020 ஆகஸ்ட்ல சென்னை-அந்தமான் கடலடி கேபிள் வந்த பிறகு அங்க இணையம் நல்லாவே முன்னேறியிருக்கு, ஆனா கரையை விட்டு படகு நகர்ந்தா சிக்னலுக்கு உத்தரவாதம் இல்ல. கோடுக்குள்ள லிங்க் வைக்காதீங்க, விவரத்தையே டெக்ஸ்டா வைங்க. பெரிய கியூ.ஆர். ஒண்ணுல 2,953 பைட் வரைக்கும் கொள்ளும், ஆனா அவ்வளவு திணிச்சா கட்டம் பொடியாகி, ஈரக் கையில ஸ்கேன் ஆகாது. 200, 300 எழுத்து போதும். தமிழ் எழுத்து ஒண்ணொண்ணும் யூ.டி.எஃப்.-8ல குறைஞ்சது மூணு பைட். மனசு கேட்காட்டியும் இந்த ஒரு இடத்துல இங்கிலீஷ்லயே எழுதிடுங்க. அங்க படிக்கப்போறவரும் தமிழ் தெரிஞ்சவரா இருக்கணும்னு இல்ல.

இந்த இடத்துல ஒரு நிஜச் சம்பவம் சொல்லணும். 1998 ஜனவரி 25. ஆஸ்திரேலியாவில் போர்ட் டக்ளஸ் பக்கத்துல, கிரேட் பேரியர் ரீஃபுக்கு ஒரு டைவ் படகு போச்சு. அதுல டாம், ஐலீன் லோனர்கன்னு ஒரு அமெரிக்கத் தம்பதி. மதியம் எல்லாரும் ஏறிட்டாங்கன்னு தப்பா எண்ணிட்டு படகு கரைக்குத் திரும்பிடுச்சு. அவங்க ரெண்டு பேரும் கடல்லயே. அவங்களோட பை படகுலதான் இருந்தது, உள்ள அடையாளம் தெரியற மாதிரி பொருள்களும் இருந்தது. அந்தப் பையை யாரோ திறந்து பார்த்து, ஆள் குறையுதேன்னு உணர்ந்தது ரெண்டு நாள் கழிச்சு. தேடினாங்க, கிடைக்கல. சில மாசம் கழிச்சு, தண்ணிக்குள்ள எழுதற ஸ்லேட் ஒண்ணு தூரத்துல ஒதுங்கியிருந்தது. 26ம் தேதி காலை 8 மணின்னு நேரம் போட்டு, எந்தப் படகு, எப்போ விட்டுட்டுப் போச்சுன்னு எழுதி, காப்பாத்தச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. 'ஓப்பன் வாட்டர்' படம் இதை வெச்சு எடுத்ததுதான்.

இதைக் கேட்டதும் நமக்கு அந்த ஸ்லேட்தான் மனசுல நிக்கும். எனக்கு அந்தப் பைதான் நிக்குது. அடையாள அட்டை இருந்தும், அதைப் பார்க்கணும்னு யாருக்கும் தோணல. அதனால படகுல ஏறினதும் பேர் சொல்லிக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கிறாங்களா, இல்ல தலையை மட்டும் எண்ணறாங்களான்னு கவனிங்க. பேர் சொல்லிக் கூப்பிடறவங்களோட இறங்கறது நல்லது. கடல்ல தனியா ஒதுங்கிட்டா கார்டு யாருக்கும் தெரியாது. ஆரஞ்சு கலர்ல காத்து ஊதி நிமிர்த்தற மார்க்கர் பாய், ஒரு விசில், இதுதான் தெரியும், கேட்கும். பாய்ல பெரிய எழுத்துல உங்க பேரை எழுதிடுங்க, எழுத இடம் தாராளமா இருக்கு. இந்தியக் கடலோரக் காவல்படையோட தேடல், மீட்புக்கான நம்பர் 1554. கார்டோட பின்பக்கம் இதையும் எழுதுங்க.

இன்ஷூரன்ஸ்

"அட்வென்சர் ஸ்போர்ட்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது"ன்னு எல்லாரும் அடிச்சுச் சொல்வாங்க. பாலிசியைத் திறந்து பார்த்தா கதை கொஞ்சம் வேற. 2019ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா ஹெல்த் பாலிசிக்கும் விலக்குகளை ஒரே மாதிரி வார்த்தையில தரப்படுத்தினாங்க. அதுல கோடு எக்ஸ்எல் 09, ஆபத்தான விளையாட்டுகள் பத்தினது. ஸ்கூபா டைவிங்னு பேரே அதுல இருக்கு. ஆனா முன்னாடி ஒரு சின்ன வார்த்தை இருக்கு: "தொழில்முறையாக" பங்கெடுப்பதால் வரும் சிகிச்சைக்குத்தான் விலக்கு. லீவுல போய் இறங்குற நீங்க தொழில்முறை டைவர் இல்ல. டைவ் மாஸ்டர் கோர்ஸ் முடிச்சு அங்கேயே வேலைக்குச் சேரப் போறீங்கன்னா, அப்போ கதை மாறுது.

இது ஹெல்த் பாலிசிக்கு. டிராவல் பாலிசி, பர்சனல் ஆக்சிடென்ட், கிரெடிட் கார்டோட இலவசமா வர்றது எல்லாத்துக்கும் தனித்தனி வார்த்தைகள். சிலதுல சாகச விளையாட்டே கிடையாது, சிலதுல கூடுதல் பணம் கட்டினா உண்டு, சிலதுல ஆழத்துக்கு உச்சவரம்பு, சர்டிபிகேட் இல்லாதவர் பயிற்சியாளரோட இறங்கினாதான் செல்லும்னு நிபந்தனை. அந்த உச்சவரம்பு 30 மீட்டர்னு இருந்து, நீங்க 34 போயிருந்தீங்கன்னா, உங்க கம்ப்யூட்டரே சாட்சி சொல்லிடும்.

ஆபீஸ் குரூப் பாலிசியை நம்பறவங்க ஒண்ணு பாருங்க: ஆஸ்பத்திரிச் செலவு வரலாம், ஆனா ஆம்புலன்ஸுக்குப் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான் வரம்பு. தீவுல இருந்து உங்களைக் கொண்டு போறதுக்கு அது எந்த மூலைக்கு? கடற்படை மருத்துவமனை உங்க கேஷ்லெஸ் பட்டியல்ல இருக்கும்னும் எதிர்பார்க்காதீங்க. முதல்ல கட்டிட்டு, பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வெச்சு அப்புறம் வாங்கறதுக்குத் தயாரா இருங்க. மாலத்தீவு, தாய்லாந்து மாதிரி இடத்துல பணத்துக்கு உத்தரவாதம் யாருன்னு சீக்கிரமே கேட்பாங்க. அங்க பாலிசி நம்பரும், கம்பெனியோட 24 மணி நேர உதவி நம்பரும் கார்டுல இருக்கிறது நிஜமாவே நேரத்தைக் காப்பாத்தும். கவனிங்க, கஸ்டமர் கேர் டோல்ஃப்ரீ நம்பர் இல்ல, அது வெளிநாட்டுல இருந்து கூப்பிட்டா போகாம இருக்கலாம்.

போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. பொழுதுபோக்கு ஸ்கூபா எத்தனை மீட்டர் வரைக்கும் கவர் ஆகுது, சேம்பர் சிகிச்சை உண்டா, தீவுல இருந்து இடம் மாத்தற செலவு உண்டா, சர்டிபிகேட் இல்லாம பயிற்சியாளரோட இறங்கினா செல்லுமா. போன்ல கேட்டா "உண்டு சார்"னு சொல்லிடுவாங்க. மெயில்ல எழுதித் தர்றதுதான் நாளைக்கு நிக்கும்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், சுருக்கமா 'டேன்', 1980ல அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச அமைப்பு. அவங்களோட அவசர நம்பர் +1-919-684-9111. உறுப்பினரா இல்லாத டைவரும் கூப்பிடலாம், டைவிங் மருத்துவம் தெரிஞ்சவங்க வழிகாட்டுவாங்க, உங்களைப் பார்க்கிற டாக்டரும் கூப்பிடலாம். ஆனா ஆலோசனை வேற, பணம் வேற. அங்க உறுப்பினர் அட்டை ஒண்ணு, டைவ் விபத்து இன்ஷூரன்ஸ் இன்னொண்ணு. உங்ககிட்ட இருக்கிறது எதுன்னு பார்த்துக்கோங்க. போன்ல ஐ.எஸ்.டி. போகுதான்னும் பார்த்துக்கோங்க.

அப்புறம் அந்த மெடிக்கல் ஃபார்ம். ஒரு கேள்விக்கு "ஆமா"ன்னு போட்டாலும் டாக்டர் கையெழுத்து கேட்பாங்கன்னு, வரிசையா "இல்லை" போடறது நம்ம ஊர்ல ஒரு கலை. ஆஸ்துமாவை மறைச்சு கையெழுத்து போட்டா, கிளெய்ம்ல அந்தக் காகிதம் உங்களுக்கு எதிரா வந்து நிக்கலாம். அதைவிட மோசம், உங்களுக்கு மூச்சுத் திணறும்போது டாக்டர் அந்த "இல்லை"யை நம்பி வேற காரணத்தைத் தேடிட்டு இருப்பார். சந்தேகம் இருந்தா சென்னையிலயே ஒரு டாக்டரைப் பார்த்து கையெழுத்து வாங்கிட்டுப் போங்க. ஹேவ்லாக் ஜெட்டியில நின்னுக்கிட்டு டாக்டரைத் தேடறதைவிட இது சுலபம்.

கடைசியா, திரும்பி வர்ற விஷயம். ஒரே ஒரு டைவ்னா விமானம் ஏற 12 மணி நேரமாவது, பல டைவ் பண்ணியிருந்தா 18 மணி நேரமாவது விடணும்னு ஒரு பொது வழிகாட்டுதல் இருக்கு. உயரத்துல கேபின் அழுத்தம் குறைஞ்சா குமிழ் பெருசாகும்ங்கறதுதான் காரணம். சென்னை வந்து இறங்கினப்புறம் தோள்பட்டை வலி, கை மரத்துப்போச்சுன்னு பக்கத்து கிளினிக்குக்குப் போனா, "லேப்டாப்ல ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பீங்க"ன்னு தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிடுவாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, கடல்ல இறங்கிட்டு வந்தீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்ததும் முதல் வாக்கியமா "நேத்து இத்தனை மணிக்கு, இத்தனை மீட்டர் ஆழத்துல ஸ்கூபா பண்ணினேன்"னு சொல்லுங்க. கார்டைப் பர்ஸ்ல இருந்து எடுத்து ரெண்டு மூணு நாளாவது ஆகட்டும்.